மூன்றுக்கு மட்டும் கேட்க வேண்டாம்

போன மாதம் நம் கைப்பேசிக் குழுவில் ஒருவர் பசுந்தாங் ஓடையின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார். அடியில் "எட்டுப் படகும் ஒரே குடும்பம்" என்று எழுதியிருந்தார். உடனே வரிசையாகக் கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வந்து விழுந்தன. அந்த ஒற்றுமை இப்போது எங்கே என்று ஒருவர் கேட்டார். கதவே இல்லாமல் வாழ்ந்தோமே என்றார் இன்னொருவர். நான் ஒன்றும் போடவில்லை.

படத்தை விரலால் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். எட்டுப் படகு இருக்கிறது. நாம் பிறந்தது முதல் அங்கிருந்து துரத்தப்பட்டது வரை அந்த இடத்தில் ஏழுதான் இருந்தன. எட்டு இருந்தது ஒரே ஒரு கோடையில். அந்த எட்டாவது படகு எப்படிப் போனது என்று நம்மில் நாலைந்து பேருக்காவது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குழுவை விட்டு நீக்கினாலும் சரி.

நம் பேரப்பிள்ளைகளுக்கு யாராவது இதைப் பர்மியத்தில் சொல்லப்போனால் அவர்களுக்கு இடம் விளங்காது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி ஆலையின் உடைந்த படகுத்துறைக்குப் பக்கத்தில் கரையை ஒட்டி ஒரு படகு. அதன் விலாவை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி மூன்றாவது. இப்படி ஏழும் ஓடையின் நடுவைப் பார்த்து நீண்டிருக்கும். எல்லாம் ஒரு காலத்தில் நெல் ஏற்றிய மரப்படகுகள். ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்த நம் அப்பாமார்கள், வாடகை கட்டுப்படியாகாமல், மூங்கில் பாயை வளைத்துக் கூரை போட்டு அவற்றில் குடியேறியிருந்தார்கள். கரைக்கு இறங்க ஒரே பலகை. அது முதல் படகில் இருந்தது. முதல் படகு மாமாதான் எங்களுக்குத் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பலகை அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் படகு ஏழாவது, கடைசி. காலையில் எழுந்ததும் அடித்தட்டில் ஊறிய தண்ணீரைத் தகர டப்பாவால் இறைத்துக் கொட்டுவது என் வேலை. ஆலையிலிருந்து பறக்கும் உமி ஓடை முழுக்க மிதந்துவந்து படகுகளின் பக்கவாட்டில் அப்பிக்கொள்ளும். நீர் இறங்கும்போது அந்தக் கோடு மஞ்சளாகக் காயும். சேற்று வாடை, தார் வாடை, யார் அடுப்பிலோ வதங்கும் ஙப்பியின் புளித்த மீன் வாடை எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் காற்று. ஐந்து வயதுவரை ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் கயிறு கட்டியிருக்கும். மறு முனை கூரைக்காலில். கயிற்றை அவிழ்த்துவிட்ட நாளில் நான் பட்ட பெருமை, பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில்கூடப் பட்டதில்லை.

கரைக்குப் போக வேண்டுமானால் நாங்கள் ஆறு வீட்டைத் தாண்ட வேண்டும். அடுத்தவர் படுத்திருப்பார்கள், குளித்துக்கொண்டிருப்பார்கள், சோறு தின்றுகொண்டிருப்பார்கள். அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். அடுத்த படகின் ஓரப்பலகையைக் கால் விரலால் இரண்டு முறை தட்ட வேண்டும். "கடக்கட்டா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர், அது பெரியவரோ பிள்ளையோ, "கட" என்று சொன்ன பிறகுதான் கால் வைக்கலாம். உள்ளே பார்க்காமல் முன்தட்டு வழியாகப் போய்விட வேண்டும். நாளைக்கு நூறு முறை அந்தத் தட்டலும் அந்தச் சொல்லும் கேட்கும். காக்கை கரைவதை யார் கவனிக்கிறார்கள், அதுபோல நாங்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

மூன்றுக்கு மட்டும் கேட்க வேண்டாம். தீ, சாவு, பிள்ளைப்பேறு. எனக்கு ஆறு வயதில் ஐந்தாம் படகின் கூரை பற்றிக்கொண்டபோது எல்லோரும் எங்கெங்கிருந்தோ தாவி வந்தார்கள். ஒருவர்கூடத் தட்டவில்லை. நான் பிறந்த அன்று அம்மாவை மூன்றாம் படகில் இருந்த மருத்துவச்சியிடம், இடையில் யாரையும் கேட்காமல், தூக்கிப் போனார்களாம். இதை யாரும் யாருக்கும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்ததில்லை. படகில் பிறந்தவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

என் ஒன்பதாவது வயதில், குளிர் விட்ட சமயம், எட்டாவது படகு வந்து எங்கள் படகில் கயிறு கட்டியது. அதில் ஒரு அக்காவும் அவள் புருஷனும். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா ஒருவரின் மகள். இருபது வயது இருக்கும். அந்த அண்ணன் த்வாண்டே பக்கம் நெல் விவசாயம் பார்த்த இந்துக் குடும்பத்துப் பையன். இருவரும் கட்டிக்கொண்டதில் இரண்டு வீடும் கதவைச் சாத்திவிட்டன. யாரோ கழித்துப் போட்ட படகை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் த்வாண்டேயிலிருந்து பானை ஏற்றிவரும் பெரிய படகொன்றில் வேலைக்குப் போனான். போனால் பத்து நாள் வர மாட்டான். தண்ணீரில் வாழும் பழக்கம் இருவருக்கும் சுத்தமாகக் கிடையாது. அக்கா முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தாள். "கரைக்காரி" என்று அம்மா பேர் வைத்தாள். அது படகுக்குப் படகு தாவி முதல் படகுவரை போய்விட்டது.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பிறந்ததிலிருந்து நான்தான் எல்லோரையும் "கடக்கட்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள். என்னைக் கேட்க ஆளே இருந்ததில்லை. இப்போது ஒருத்தி, வளர்ந்த பெண், பள்ளியில் ஆங்கிலம் படித்தவள், எங்கள் படகைத் தட்டிவிட்டு என் வாயையே பார்த்து நிற்பாள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் "கட" என்பேன்.

அவளிடம் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று இருந்தது. கறுப்புப் பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல் ஒன்றும். மீதத் துணியில் எனக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள். அதில் ஒரு பை வைத்திருந்தாள். அதற்கு முன் என் உடுப்பு எதிலும் பை இருந்ததில்லை. அதில் கை விட்டுக்கொண்டே தூங்குவேன். அவள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, மிஷினைச் சுற்றியபடி, என்னிடம் ஒருநாள் கேட்டாள்.

"பாப்பா, இங்க நடமாடுறதுக்கு என்னென்ன மொறை இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு. நான் தப்பா எதுவும் பண்ணிறக் கூடாது."

குமாஸ்தா மகள் அல்லவா, பழுப்பு அட்டை போட்ட நோட்டை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு எழுதினாள். உள்ளே பார்க்கக் கூடாது. செருப்போடு மிதிக்கக் கூடாது. பொது ஜாடியில் தண்ணீர் எடுத்தால் அதைக் கட்டிய கயிற்றைச் சரிபார்க்க வேண்டும். தட்டாமல், கேட்காமல் கால் வைக்கக் கூடாது.

"அவசரம்னா?"

"கேக்கணும்."

"தீப்பிடிச்சிருச்சின்னா? ஒடம்புக்கு முடியலன்னா?"

"கேக்கணும்க்கா. 'கட' சொன்னாத்தான் கால் வெக்கணும்."

"அவ்வளவு கண்டிப்பா?"

"ஆமா."

அவள் அதையும் எழுதினாள். நான் தெரியாமல் சொன்னேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். எனக்குத் தெரியும். என்னை யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசையில், இருக்கிற முறையை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சொன்னேன். இன்னொரு நாள் சிரித்துக்கொண்டே மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த இன்னொரு நாள் வரவில்லை.

கோடை வந்தது. அந்த மாதங்களில் ஓடைத் தண்ணீர் உப்புக் கரிக்கும். ரோட்டில் இருந்த நகராட்சிக் குழாயில் விடியுமுன் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பெண்கள் முறை போட்டுக்கொண்டு பிடித்துவந்து நாலாம் படகில் இருந்த பொது ஜாடியில் ஊற்றுவார்கள். அது த்வாண்டே ஜாடி, கறுப்பு மெழுகு பூசியது, என் மோவாய் உயரம். உள்ளே முகத்தை விட்டுப் பேசினால் வேறு யாரோ பதில் சொல்வது போல இருக்கும். எட்டு வீட்டின் குடிதண்ணீரும் அதில்தான். அலையில் உருளாமல் இருக்க அதன் கழுத்தைத் தேங்காய்நார்க் கயிற்றால் கூரைக்காலோடு கட்டியிருப்பார்கள்.

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. நடுப்பகல். அக்கா வந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். குடத்தை இடுப்பில் வைக்க இடமில்லாமல் தலையில் வைத்துப் போனாள். நாலாம் படகில் ஆள் இல்லை. எனக்குத் தாண்டிக் குதித்து விளையாட ஒரு கயிறு வேண்டியிருந்தது. ஜாடியின் கயிறு நல்ல நீளம், நல்ல கனம். அவிழ்த்தேன். பத்து முறைகூடக் குதித்திருக்க மாட்டேன், ஆலைக்கு நெல் கொண்டுவந்த மோட்டார் லாஞ்சு ஒன்று வேகமாகப் போனது. அலை வந்து படகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டது. ஜாடி ஒருமுறை ஆடியது. நிமிரும் என்றுதான் நினைத்தேன்.

ஜாடி விழுந்து உடைந்து தண்ணீர் என் கால்மேல் ஓடியது. குளிர்ந்த தண்ணீர். கயிற்றைக் கூரைக்காலடியில் போட்டுவிட்டு எங்கள் படகுக்கு ஓடினேன்.

சாயங்காலம் முதல் படகில் எல்லோரும் கூடினார்கள். அன்றைக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. மாமா கயிற்றைக் கையில் தூக்கிக் காட்டினார். அறுந்துபோகவில்லை, அவிழ்ந்திருக்கிறது என்றார். கடைசியாக யார் தண்ணீர் எடுத்தது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"பகல்ல நீதானே இருந்த. யாரு எடுத்தா, சொல்லு."

"எட்டாம் படகு அக்கா" என்றேன்.

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் நிற்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டையும் பிரித்து வைக்க அந்த மூன்று சொல் போதுமாக இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அண்ணன் அப்போது பானைப் படகில் போயிருந்தான். "நான் சரிபாத்துட்டுத்தான் போனேன் மாமா. முடிச்சு எறுக்கமா இருந்திச்சு" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"கரையில பொறந்தவளுக்கு முடிச்சப் பத்தி என்னா தெரியும்" என்றாள் மூன்றாம் படகுப் பெரியம்மா. அவள்தான் எங்கள் எல்லோருக்கும் பேறு பார்த்தவள். அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. மாமா தீர்ப்புச் சொன்னார். எட்டாம் படகுக்கு இனி "கட" கிடையாது. தன் படகில் நின்றபடியே "நான் செஞ்சது தப்பு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னால் போதும், திறந்துவிடலாம். சொல்லும்வரை ஒரு வாயும் திறக்கக் கூடாது. நாங்கள் ஒன்றும் கொலைகாரர்கள் இல்லை என்று காட்ட, நாளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஏழாம் படகிலிருந்து கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு நாளில் கரைக்காரியின் கொழுப்பு இறங்கிவிடும் என்றாள் அம்மா. அன்று இரவே என் பை வைத்த கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் அதைக் கிழித்துத் தாரில் தோய்த்துப் படகின் ஓட்டையை அடைத்தாள். பை இருந்த துண்டு எந்த ஓட்டைக்குப் போனது என்று நான் தேடிப் பார்த்தேன்.

செம்பைக் கொடுக்கும் வேலை எனக்கு. முதல் நாள் நீட்டியபோது அக்கா, "நீ சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பேசக் கூடாது என்ற சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. இரண்டாம் நாளும் அதையே கேட்டாள். அவளிடம் இருந்தது அரிசியும் கொஞ்சம் கருவாடும். அந்த ஒரு செம்பில் சோறாக்குவாளா, குடிப்பாளா? கரையில் பிள்ளைகள் திருவிழா வருமுன்னே தகரக் குழல்களில் தண்ணீர் பீய்ச்சி விளையாட ஆரம்பித்திருந்தார்கள். அவள் முன்தட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "தப்பு" என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எனக்கே கோபம் வந்தது. அவள் சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மூன்றாம் நாள் முற்பகல் ஆண்கள் ஆலையில். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஓரப்பலகையில் இரண்டு தட்டு கேட்டது.

"கடக்கட்டா?"

நான் அசையவில்லை.

"பாப்பா, கடக்கட்டா? வயிறு வலிக்குது."

பாயின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் தன் படகின் ஓரத்தில், கூரைக்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்றிருந்தாள். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒரு எட்டு வைத்தால் வந்துவிடலாம். கால் விரல் எங்கள் பலகைமேல் இருந்தது. குதிகால் அவள் படகில் இருந்தது.

ஆறாம் படகு அத்தைக்கும் அது கேட்டது. அவள் மூன்றாம் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெரியம்மா, கரைக்காரி வலிங்கிறா. என்னா செய்ய?"

பெரியம்மாவின் பதில் அங்கிருந்து தெளிவாக வந்தது. இன்றைக்கும் தூக்கத்தில் கேட்கிறது.

"எட்டாம் மாசத்துல என்னா வலி? நெசமா வலின்னா தட்டிக்கிட்டு நிப்பாளா? ஏறித் தாண்டி வந்திருக்க மாட்டா? தண்ணி புடிக்கப் போறதுக்கு நாடகம் போடுறா. சும்மா இரு."

அத்தை சும்மா இருந்தாள். பெரியம்மாவைத் தப்புச் சொல்ல முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். தலைச்சன் பிள்ளைக்காரிக்கு வலி வந்தால் யார் வீடு என்று பார்க்காமல் ஓடி வருவாள், அதுதான் அவள் கண்ட உலகம். கேட்டுக்கொண்டு நிற்பவளுக்கு வலி இல்லை. அந்தக் கணக்கை, எதற்கும் கேட்டுத்தான் வர வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தவளுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் கரண்டியைக் காய்ச்சி நாக்கில் வைப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள், அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், வலியில் கிடப்பவள் பெரியம்மாவிடம் என்னென்ன பேசுவாளோ என்பது. அவளும் பெரியம்மாவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒன்பது வயதில் அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தது.

இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு. "கடக்கட்டா?" குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. போய்ப் படுத்துவிட்டாள் என்று நினைத்து நான் கல் பொறுக்கினேன்.

அவள் படுக்கவில்லை. நீர் வற்றியிருந்த நேரம் அது. படகுகளின் முனைப்பக்கம் முழுவதும் சேறாகக் கிடந்தது. யார் படகையும் மிதிக்காமல், முறை எதையும் மீறாமல், அவள் கயிற்றைப் பிடித்துச் சேற்றில் இறங்கி, படகுகளின் முனையோரமாகவே கரையை நோக்கி நடந்திருக்கிறாள். ஆலைச் சேறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் படகின் முனைக்கு வரும்போது தொடைவரை இறங்கிவிட்டாள். அப்புறம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நீர் ஏற ஆரம்பித்தது.

அத்தை போட்ட கூச்சலில்தான் எட்டிப் பார்த்தேன். அக்கா மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி உமி மிதந்தது. அப்போதுகூட அவள் கை ஐந்தாம் படகின் பலகையைப் பிடித்திருக்கவில்லை. பக்கத்தில், தொடாமல், காற்றில் இருந்தது.

பெரியம்மா மூன்றாம் படகிலிருந்து தாவினாள். நாலு, ஐந்து. தட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஆலை ஆட்கள் பலகை போட்டு, அக்குளில் கை கொடுத்து அவளை இழுத்தெடுத்தார்கள். படகுத்துறையடியில், நெல் சாக்கின்மேல் பிள்ளை பிறந்தது. பெண். பெரியம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஊதினாள், மறுபடி தட்டினாள். அது அழவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஏழு படகிலும் ஆட்கள் நின்று, யாரும் கேட்காமலே, "கட, கட" என்றார்கள். அம்மாவும் சொன்னாள். கஞ்சி போனது, வெந்நீர் போனது, பழைய துணி போனது. ஏன் தாண்டி வரவில்லை என்று ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நம் பங்கு வெளியே வந்துவிடும் அல்லவா? நம்மவர்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள். கரைக்காரி, பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்றார்கள். நாலாம் நாள் அண்ணன் வந்தான். சண்டை போடுவான் என்று ஆண்கள் தயாராக இருந்தார்கள். அவன் எங்கள் படகில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான், அவ்வளவுதான். மறுபடி நாங்கள் கடைசிப் படகானோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, லைங் தாயாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைப் பெண்களுக்கெல்லாம் உடுப்புச் சரிசெய்து கொடுக்கும் ஒரு கிழவி இரண்டு சந்து தள்ளி இருக்கிறாள் என்றாள் மகள். போனேன். பர்மியத்தில்தான் பேசினோம். அளவெடுக்கும்போது கிழவி வாய்க்குள் தமிழில் எண்ணினாள். நீங்க எந்த ஊர், யார் மகள் என்று ஆரம்பித்தோம். பசுந்தாங் என்றதும் இருவரும் நிறுத்திக்கொண்டோம். மேசைமேல் கறுப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல் கிடந்தது.

அவளே முதலில் என் கையைப் பிடித்தாள். "பாப்பாவா நீ?" என்றாள். அறுபத்தாறு வயதுக்காரியை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அண்ணன் போய்ப் பத்து வருஷமாயிற்றாம். பிள்ளைகள் பற்றிக் கேட்டேன். "அதுக்கப்புறம் ஒண்ணும் தங்கல" என்றாள், பஸ் தவறிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

ஜாடியை நான்தான் உடைத்தேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியுமே. அஞ்சாம் படகு தாண்டுறப்ப திரும்பிப் பாத்தேன். நீ கயித்த அவுத்துக்கிட்டு இருந்த."

"ஏங்க்கா சொல்லல?"

"ஒங்கம்மா நாக்குல சூடு வெப்பாங்கன்னு நீயே சொல்லியிருந்தியே. எனக்கென்னா, பெரியவ. ரெண்டு நாளு பேசமாட்டாங்க, போறாங்கன்னு நெனச்சேன்."

அங்கேயே அவள் காலில் விழுந்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. முழுவதையும் கழுவிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும் என்று பேராசை. மூன்றுக்குக் கேட்க வேண்டாம் என்று ஒரு முறை இருந்தது, உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் கையில் என் ரவிக்கை இருந்தது. "இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

"தீ, சாவு, பிள்ளப்பேறு. இதுக்குக் கேக்க வேணாம்க்கா. தாண்டிறலாம்."

"பிள்ளப்பேறுக்கும்?"

"ஆமா."

அவள் வாசலைப் பார்த்தாள். வெளியே ஃபெரி என்று எல்லோரும் சொல்கிற தொழிற்சாலை பஸ் வந்து பெண்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"அவசரம்னா என்னான்னு ஒன்னிய நான் கேட்டேனே" என்றாள். "நோட்டுல எழுதி வச்சேனே. அவரு சாகுறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஏறிப் போயிருக்கலாமேன்னு. அது அவங்க மொறை, மீறக் கூடாதுன்னு நான்தான் அவருக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒங்க எல்லாருக்காகவும் நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன்."

பிறகு ரவிக்கையை மடித்தாள். ஓரம் ஓரமாகச் சேர்த்து, நிதானமாக மடித்து, என் பையிலேயே வைத்தாள்.

"கரைக்கு ஏழு படகுதானே" என்றாள். என்னிடம் சொன்னது போல இல்லை.

ஐம்பத்தேழு வருஷம் அவள் ஒரு முறையை மதித்துப் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக வாழ்ந்திருக்கிறாள். அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கிறது. நான் போய் அரை மணி நேரத்தில் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். என் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடிப்போய் அவள் தலையில் வைத்தேன். அவளைப் பார்க்கப் போவதற்கு முன் எனக்குத் தூக்கம் வராது. இப்போது நன்றாக வருகிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் மறுபடி போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிலைப்படியைக் கால் விரலால் இரண்டு முறை தட்டினேன். "கடக்கட்டா?" என்றேன்.

மிஷின் நின்றது. உள்ளே அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மறுபடி இரண்டு முறை தட்டினேன். தீ இல்லை, சாவு இல்லை, எனக்குப் பிள்ளை பிறக்கப்போவதும் இல்லை. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.